இரண்டு தம்பிகள்

ஜூன் 3

சின்னவளுக்கு,

போனை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய் போலிருக்கிறது. உன் அம்மாதான் எடுக்கிறார். "குளிக்கிறா", "இப்பத்தான் படுத்தா", "கடைக்குப் போயிருக்கா" என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார். ஒரு மனுஷி ஒரே நாளில் எத்தனை தடவைதான் குளிப்பாள்! அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும், கிழிக்கும்போது ஒரு வரியாவது கண்ணில் படும்.

நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. வாசலில் நின்று, வந்தவர் போனவர் எல்லோரும் கேட்க, "போங்கண்ணி, உங்க மெஷின் உங்களைத் தேடும்" என்றாயே, அதுதான் இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. நான் கடல் ஆய்வகத்துக்குத் திரும்பியது மெஷினுக்காக இல்லை. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் செருப்பு, அவன் துண்டு, பாதி வைத்துவிட்டுப் போன பற்பசை. எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நீ புருஷனைப் பறிகொடுத்தாய் என்றால் நானும் தம்பியைப் பறிகொடுத்திருக்கிறேன். அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டிருக்கிறது. நான் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ரப்பர் படகில் இருந்தது இரண்டே பேர், தம்பியும் படகுக்காரரும். தம்பி தண்ணீரில் விழுந்ததை அவர் அந்த நிமிஷமே ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கப்பலைத் திருப்பியிருப்போம். சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு கப்பல் பக்கம் வந்து கத்தினார். அவரை வேலையை விட்டு நீக்கப்போகிறார்கள். குடும்பத்தின் சார்பில் ஒரு புகார் கொடுத்தால் போலீசும் வழக்குப் போடும் என்கிறார் பேராசிரியர். புகாரைத் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். மனைவி என்கிற இடத்தில் நீதான் கையெழுத்துப் போட வேண்டும்.

நமக்குள் நடந்த பேச்சு வார்த்தையெல்லாம் போகட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜூன் 10

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கிற அளவுக்குக்கூடத் தெம்பில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போனில் உங்கள் குரல் அவர் குரல் மாதிரியே இருக்கிறது. நேரில் தெரியாது. போனில் "ம்ம்… சொல்லு" என்று இழுத்து ஆரம்பிப்பீர்களே, அது அச்சு அசல் அவரேதான். முதல் நாள் நீங்கள் கூப்பிட்டபோது அந்த "ம்ம்"மைக் கேட்டதும் போனை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டேன். இப்போது மணி அடித்தாலே அம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறேன். இதுதான் விஷயம். உங்கள் மேல் உள்ள கோபத்தில் எடுக்காமல் இல்லை. கோபமும் இருக்கிறது, அது வேறு.

மருந்துக்கடைக்குத் திரும்பப் போக ஆரம்பித்துவிட்டேன். முதலாளி, "இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்றார். வீட்டில் இருந்து சுவரையா பார்ப்பது? கடை என்றால் இருமலும் காய்ச்சலுமாக ஆள் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் பிழைத்துக்கொள்கிற நோயாளிகள். அவர்களோடு பேசினால் பொழுது போகிறது.

'போகட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்கெடுத்தாலும் உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான். எங்கே போகட்டும்? போகிறவர் போயாகிவிட்டது. ஒரு உடம்பைக்கூட எங்கள் கண்ணில் காட்டவில்லை நீங்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். எவ்வளவு நேரம்? அவர் நன்றாக நீந்துவார் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பக்கத்தில் அவ்வளவு பெரிய கப்பல் நிற்கிறது. கப்பல் நிறைய ஆள். அப்புறம் எப்படி? விழுந்ததும் போய்விட்டாரா, இல்லை யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு கிடந்தாரா? ராத்திரி பகலாக இதுதான் மண்டையைக் குடைகிறது. பதில் எதுவானாலும் சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருப்பதைவிட அது மேல்.

உங்களுடைய இன்னொரு தம்பி என்ன ஆனான்? அதுதான், மஞ்சள் பெயின்ட் அடித்த அந்த மகராசன். ஆய்வகமே ஆளுக்கு ஆள் 'தம்பி, தம்பி' என்று அந்த நீர்மூழ்கி ரோபோவைக் கொஞ்சுமே. அவனைத் தேடவாவது கப்பல் போகிறதா? போனால் அப்படியே என் வீட்டுக்காரரையும் கொஞ்சம் தேடிப் பாருங்கள்.

கையெழுத்து இன்னும் போடவில்லை. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

சின்னவள்


ஜூன் 16

சின்னவளுக்கு,

எவ்வளவு குத்த வேண்டுமோ குத்திக்கொள். கேட்டாய், சொல்கிறேன். முழுதாகச் சொன்னால்தான் விளங்கும். பொறுமையாகப் படி.

கப்பலின் இரும்பு, ரோபோவின் திசைகாட்டியைக் குழப்பிவிடும். அதனால் அதைக் கப்பலிலிருந்து நேராக இறக்குவதில்லை. ரப்பர் படகில் ஏற்றி, கொஞ்ச தூரம் கொண்டுபோய் விடுவோம். படகுக்காரர் படகைப் பிடித்துக்கொள்வார். தம்பி ரோபோவைத் தண்ணீரில் தள்ளி, அதன் மூக்கில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் திசை காட்டிவிட்டு, கயிற்றை உருவி விடுவான். அந்தக் கயிற்றுக்கு ஆய்வகத்தில் மூக்கணாங்கயிறு என்று பெயர். அதைக் கையில் சுற்றக் கூடாது என்பது விதி. அன்றைக்கு அலை அதிகம், தூறல் வேறு. அவன் சுற்றியிருக்கிறான். மிதவைச் சட்டையையும் கழற்றி வைத்திருந்தான். அதன் கொக்கி ரோபோவின் துடுப்பில் மாட்டுகிறது என்று எப்போதும் கழற்றிவிடுவான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "சும்மா இருக்கா, எனக்குத் தெரியாதா" என்பான்.

ரோபோ கீழே போனதும் படகுக்காரர் ரேடியோவில் என்னிடம் சொல்ல வேண்டும். சொன்னார். "தம்பி இறங்கிட்டான்" என்றார். "சரி, போகட்டும்" என்றேன். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான். அதோடு எங்கும் அமைதியாகிவிடும். கப்பல் எஞ்சினை நிறுத்துவார்கள், படகு மோட்டாரையும் நிறுத்த வேண்டும். தண்ணீருக்குள் ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருப்போம், அதைக் 'காது' என்போம். ரோபோ போகிற இடத்திலிருந்து டிக் டிக்கென்று சத்தம் கொடுக்கும், காது அதைப் பிடிக்கும். நான் ரேடியோவின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, காதின் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. நான் கொண்டுவந்த விதிதான்.

அன்றைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். படகுக்காரர் விதியை மீறி மோட்டாரை ஓட்டினார். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார், என் காது செவிடாகிவிடும் போலிருந்தது. என்ன மனுஷன் இவர் என்று வாய்விட்டே திட்டினேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறேன். அப்புறம் டிக் டிக் சத்தம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. என்ன கோளாறு என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் படகு வந்து கப்பலில் மோதியது, அவர் கத்தினார். பிறகு இருட்டும்வரை தேடினோம். மறுநாளும் தேடினோம்.

எவ்வளவு நேரம் என்று கேட்டாய். டாக்டரிடம் நானும் அதைத்தான் கேட்டேன். கயிறு கையை இறுக்கி, ரோபோ அப்படியே அடியாழத்துக்கு இழுத்துப் போயிருக்கிறது. ஓரிரு நிமிஷம்தான், நினைவு தப்பியிருக்கும், வலி தெரிந்திருக்காது என்றார். காத்துக்கொண்டு கிடக்கவில்லை அவன். இதை மனதில் வைத்துக்கொண்டு தூங்கு.

ரோபோ கடலடியில் கிடக்கிறது. அதன் வயிற்றில் ஓர் இரும்புக் கட்டி உண்டு. கட்டியைப் பிடித்திருக்கும் கண்ணி உப்புத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற உலோகம். எது பழுதானாலும் ஒருநாள் கண்ணி கரைந்து, கட்டி கழன்று, அது தானாக மிதந்து வந்துவிடும். ஜூலை கடைசியில் வரும். கப்பல் போய்க் காத்திருக்கும், நானும் போகிறேன். அவனையும் தேடுவேன். நீ சொல்லித்தான் தேட வேண்டுமா?

கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

அண்ணி


ஜூன் 27

அண்ணிக்கு,

படகுக்காரர் வந்திருந்தார். கடைக்கே வந்துவிட்டார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று, எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, கடைசியில், "தலைவலி மாத்திரை இருக்கா" என்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆளே பாதியாகிவிட்டார். மாத்திரையை நீட்டினேன். வாங்காமல், "நான்தாம்மா அன்னைக்குப் படகுல இருந்தவன்" என்றார்.

உங்கள் கடிதத்தைப் படித்திருந்தேனே, அந்தச் சூட்டில் நன்றாகக் கேட்டுவிட்டேன். "ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வரலையா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏறிட்டுப் பார்த்தார். "சொன்னேம்மா. சொல்லாம இருப்பனா? தம்பி உள்ள போயிட்டான், தம்பி உள்ள போயிட்டான்னு தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா பதிலும் சொன்னாங்க. சரி, போகட்டும்னாங்க."

நீட்டிய மாத்திரையைக் கல்லா மேல் வைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. கூடப் பிறந்தவ போகட்டும்னு சொல்லுவாளா? அதிர்ச்சியில ஏதோ உளர்றாங்க, ஆனா சரின்னுட்டாங்க இல்ல, கப்பல் வந்துடும், அதுவரைக்கும் நாம தேடுவோம்னு மோட்டாரைப் போட்டு அந்த இடத்தையே சுத்திச் சுத்தி வந்தேன். கப்பல் வரல. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி கூப்பிட்டேன். யாரும் எடுக்கல. குழுவுலயும் இதைத்தான் சொன்னேன், அக்கா வாக்குமூலத்தைத்தான் நம்புறாங்க." இதைச் சொல்லிவிட்டு, கல்லாவுக்கு முன்னாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முதலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அண்ணி, அவர் எந்தத் தம்பியைச் சொன்னார், நீங்கள் எந்தத் தம்பியைக் கேட்டீர்கள்?

போன கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'தம்பி இறங்கிட்டான்' என்றாராம், 'சரி, போகட்டும்' என்றீர்களாம். அவர் 'இறங்கிட்டான்' என்று சொல்லவில்லை. 'உள்ள போயிட்டான்' என்று சொல்லியிருக்கிறார். ரோபோ இறங்கினால் 'இறங்கிட்டான்'தான், வேறு வார்த்தையே கிடையாது என்று என் வீட்டுக்காரரே சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அவர் எப்படிச் சொல்வார்? படகில் போகிறவருக்கும் என் வீட்டுக்காரர் தம்பிதான், ஆய்வகத்தில் எல்லோருக்கும் தம்பிதான், நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். யாராவது 'தம்பி எங்கே' என்றால், 'சாப்பிடுற தம்பியா, சார்ஜ் ஏத்துற தம்பியா' என்று திருப்பிக் கேட்பார்களாமே. அந்த மனுஷனுக்குக் கண்ணெதிரே ஆள் போகிறபோது, சாப்பிடுகிற தம்பி என்று விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்க நேரம் ஏது?

எங்கள் கடையில் ஒரே மாதிரிப் பெயர் உள்ள இரண்டு மருந்தை ஒரே தட்டில் வைக்க விடமாட்டார் முதலாளி. "கை மாறிப் போச்சுன்னா ஆளே போயிடுவான்" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. பத்தாவது படித்த எனக்குத் தெரிந்தது, அத்தனை பட்டம் வாங்கிய உங்கள் ஆய்வகத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாமல் போயிற்றா? ஆளுக்கும் மெஷினுக்கும் ஒரே பெயர்! எந்தப் புத்தி கெட்டவர் வைத்த பெயர் இது?

புகாரைக் கிழித்துவிட்டேன். குழுவிடம் போய், அவர் சொன்னார், நான் கேட்டேன், மாற்றிப் புரிந்துகொண்டேன் என்று சொல்லுங்கள். அந்த மனுஷனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தெருவில் யாரும் அவரோடு பேசுவதில்லையாம்.

சின்னவள்


ஜூலை 2

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

வேலை போகப்போகிறது என்கிற பயத்தில் ஒருவர் ஆயிரம் சொல்வார். 'இறங்கிட்டான்' என்றுதான் என் காதில் விழுந்தது. என் வாக்குமூலம் குழுவிடம் இருக்கிறது. அதை மாற்றினால் ஆய்வகத்தையே இழுத்து மூடிவிடுவார்கள் என்கிறார் பேராசிரியர். இத்தனை மாணவர்களின் படிப்பு இதில் இருக்கிறது. இதைப் பற்றி வேறு யாரிடமும் பேசாதே.

பெயர் வைத்தது யார் என்று கேட்டிருக்கிறாய். அந்தப் பேச்சை விடு. எனக்குத் தெரியாது.

கப்பல் கிளம்பப்போகிறது. அதற்குள் வேலை தலைக்குமேல் இருக்கிறது.

அண்ணி


ஜூலை 8

அண்ணிக்கு,

'என் காதில் விழுந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். 'அவர் சொன்னது' என்று எழுத உங்களுக்கே கை வரவில்லை, பார்த்தீர்களா?

எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்குப் பயம். தம்பி போனான், இருக்கிற பெயராவது மிஞ்சட்டும் என்று பார்க்கிறீர்கள். அவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் என்னிடம் எரிந்து விழுவார். "எங்கக்கா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல" என்பார். நல்லவேளை, இதைப் பார்க்க அவர் இல்லை.

போங்கள். உங்கள் மஞ்சள் தம்பி வருகிற தேதிதான் தெரிந்திருக்கிறதே, போய் ஆரத்தி எடுங்கள். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

சின்னவள்


ஜூலை 30

சின்னவளுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

கப்பலில் ஒரு வாரம் போலக் காத்திருந்தோம். தினமும் காதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடலுக்குள் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது, மீனும் இறாலும் ஏதேதோ பொரிகிற மாதிரி. அதில் என்ன கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன வாரம் ஒருநாள் காலை, கீழே சாப்பாட்டு அறையில் தட்டைக் கையில் எடுத்தேன். மேல்தளத்தில் கண்காணித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி கத்தினாள். "அக்கா! ஓடியாங்க! தம்பி வந்துட்டான்! தம்பி மேல வந்துட்டான்!"

நான் ஓடினேன். சின்னவளே, நான் என் தம்பிக்காக ஓடினேன். தட்டு எங்கே விழுந்தது, எந்தப் படியில் ஏறினேன், ஒன்றும் நினைவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கடா போய்த் தொலைஞ்சே இத்தனை நாளா!" என்று கத்தினேனாம். மாணவிதான் பிறகு சொன்னாள். பாவம், அவள் பயந்துபோய் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் மஞ்சளாக ஒன்று கிடந்தது. பாசி படிந்து, பக்கவாட்டில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத் தம்பி என்றதும் எனக்கு மெஷின் தோன்றியது. போன வாரம் தம்பி என்றதும் மனுஷன் தோன்றினான். இரண்டு தடவையும் தப்பாகவே கேட்டேன்.

படகுக்காரர் 'உள்ள போயிட்டான்' என்றுதான் சொன்னார். கத்தித்தான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். இறங்கியதைச் சொல்ல ஏன் இப்படிக் கத்துகிறார், காற்று அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு எப்படியோ அது 'இறங்கிட்டான்' என்று என் மண்டையில் மாறிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் கேட்டேன் என்று நம்பினேன். உன் கடிதம் வந்த அன்றே அந்த நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பிறகு எழுதியதுதான் பொய்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பதில் எதுவானாலும் சொல்லுங்கள் என்று நீதான் கேட்டாய். மூக்கணாங்கயிறு ரோபோவை ஓட்டுகிற விசிறியில் சுற்றிக் கிடந்தது. அதனால்தான் அது கடலடியில் நின்றுபோயிருக்கிறது. கயிற்றின் மறு நுனியைப் பார்த்தேன். அறுந்த கயிறு என்றால் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். இது பிரியவில்லை. நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கிறது. அவன் இடுப்பில் ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பானே, அதனால்.

அவன் தன்னை விடுவித்துக்கொண்டிருக்கிறான். மேலே வந்திருக்கிறான். வந்த இடம் படகுக்கு எட்டாத தூரமாக இருந்திருக்கும், அலையில் படகுக்காரர் கண்ணில் படவில்லை. நீந்தத் தெரிந்தவன், மிதவைச் சட்டை இல்லாதவன். டாக்டர் சொன்ன ஓரிரு நிமிஷக் கணக்கு இனிமேல் செல்லாது. எவ்வளவு நேரம் என்று எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஆனால் காத்துக்கொண்டு கிடந்தான். கப்பலைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருப்பான். அக்கா அதில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கப்பல் எஞ்சினை நிறுத்தி வைத்து, எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கயிறு எப்படி வேண்டுமானாலும் வெட்டுப்பட்டிருக்கலாம், விட்டுவிடுங்கள் என்றார் பேராசிரியர். கரைக்கு வந்ததும் கயிற்றோடு நேராகக் குழுவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். படகுக்காரர் மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், திரும்ப எடுக்கமாட்டார்கள். ஆய்வகத்தைப் பூட்டவில்லை, அது நடந்துகொண்டுதான் இருக்கும். குழுவில் ஓர் அம்மாள், "ஆளுக்கும் மெஷினுக்கும் ஒரே பேரை வச்சது யாரு?" என்று கேட்டார். நினைவில்லை என்றேன்.

படகுக்காரர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

அவனைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு, வந்தவருக்கு மருந்தை எடுத்துக் கொடுத்தேன், மீதிச் சில்லறையும் கொடுத்தேன். அவர் போனபிறகு பின்பக்கம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, கடையை அவரே பார்த்துக்கொண்டார்.

பதில் எதுவானாலும் தெரிந்தால் போதும் என்று பெரிய மனுஷி மாதிரி எழுதினேனே, அது எவ்வளவு பெரிய பேச்சு! தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனாலும் நீங்கள் சொன்னதுதான் சரி. அவரை நான் இனிமேல் தண்ணீருக்கு அடியில் நினைக்கவில்லை. மேலே, முகத்தில் தூறல் விழ, கப்பலைப் பார்த்துக்கொண்டு இருப்பதாகத்தான் நினைக்கிறேன். எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். நிறையத் திட்டும் யோசித்து வைத்திருந்தேன். கடைசியிலிருந்து திரும்பப் படித்துக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பெயர் வைத்தது யார் என்றதற்கு நினைவில்லை என்றீர்களாம். உங்களுக்கா நினைவில்லை? அவர் நடை பழகும்போது எந்தப் படியில் விழுந்தார், எந்தப் புருவத்தில் அடிபட்டது என்று இன்றைக்கும் சொல்கிற ஆள் நீங்கள். ஜூனில் நான் கேட்டபோதும், அந்தப் பேச்சை விடு என்று எழுதியிருக்கிறீர்கள். பயத்தில் மழுப்புகிறீர்கள் என்று நினைத்தேன்.

அப்புறம் எனக்கு நினைவு வந்தது.

கல்யாணம் ஆன புதிது. அவர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தேன். சோதனைத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மெஷின், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. சின்னதுக்கு முன்னால் இரண்டு விளக்கு, கண் மாதிரி. நான் சும்மா இருந்தேனா? "ஐயோ, இந்தச் சின்னது முழிக்கிற முழியைப் பாருங்க, கண்ணாடி இல்லாம இவர் முழிக்கிற மாதிரியே இருக்கு! அண்ணி, உங்களுக்கு இன்னொரு தம்பி!" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நீங்கள் மட்டும், "கருவிக்கெல்லாம் ஆள் பேர் வைக்கக் கூடாதும்மா, வேலையில குழப்பம் வரும்" என்றீர்கள். நான் விட்டேனா? "சும்மா இருங்கண்ணி, ஒரு விளையாட்டுக்குக்கூட ஒத்துக்க மாட்டீங்களா" என்று உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். புதுப் பெண், ஆசையாகக் கேட்கிறாள், முகம் வாடிவிடக் கூடாது என்று நீங்களும் சிரித்துவிட்டீர்கள். "சரி, போகட்டும்" என்றீர்கள். அவர்தான் சாக்பீஸை எடுத்து அதன் மூக்கில் 'தம்பி' என்று எழுதினார்.

அப்போதே நான் மருந்துக்கடையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டுப் பாடமெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எந்தப் புத்தி கெட்டவர் வைத்த பெயர் என்று உங்களிடம் எழுதிக் கேட்ட அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு என்ன பாடு பட்டிருப்பீர்கள், தெரியும். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். குழுவில் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். இனிமேல் யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. கேட்கக் கூடாது என்றுதானே அப்படிச் சொன்னீர்கள்.

படகுக்காரர் நேற்றும் கடைக்கு வந்தார். தலைவலி மாத்திரைதான் கேட்டார், இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். கடலுக்குப் போவதில்லையாம். உங்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அக்கா வந்தாங்க, வாங்கன்னு சொல்ல வாய் வரலம்மா" என்றார். பெயர் விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அண்ணி, போன் பண்ணுங்கள். அம்மாவிடம் கொடுக்கமாட்டேன், நானே எடுக்கிறேன். "ம்ம்… சொல்லு" என்று அவர் மாதிரியே ஆரம்பியுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நான் அழுதால் அழட்டும் என்று விட்டுவிடுங்கள். என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், திட்டுங்கள்கூட. 'சரி, போகட்டும்' என்று மட்டும் அந்தக் குரலில் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.

சின்னவள்